சாட்சிக்கு நிற்கும் சொல்: திருமண உறுதிமொழிகள் பற்றிச் சில குறிப்புகள்

அண்மைக் காலமாக ஒஸ்லோவில் நடைபெறும் எம்மவர் கலியாணங்களில் புதியதோர் அங்கம் சேர்ந்திருக்கிறது. தாலி ஏறி, அட்சதை விழுந்து, வீடியோக்காரர் களைத்து, சனம் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கும் வேளையில், மணமக்கள் ஆளுக்கொரு கடதாசியுடன் மைக்குக்கு முன்னால் வருகிறார்கள். தாமே எழுதிய உறுதிமொழியை ஒருவருக்கொருவர் வாசிக்கிறார்கள். பாதி நொஸ்க், பாதி தமிழ். கைதட்டல் எழுகிறது. பிறகு கேக் வெட்டு.

இது குறித்து இரண்டு அபிப்பிராயங்கள் எம்மிடையே உலவுகின்றன. 'வெள்ளையனைப் பார்த்துப் பழகின கூத்து' என்பது பெரியவர்கள் கருத்து. 'பழைய சடங்குகளிலிருந்து விடுதலை' என்பது இளையவர்கள் கருத்து. இரண்டையுமே நாம் ஏற்பதற்கில்லை. தமது சொல்லால் மணமுடிப்பது வெள்ளையனிடம் இரவல் வாங்கிய பழக்கமல்ல. அதற்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. அதேவேளை, மைக்கில் வாசிக்கப்படுவதெல்லாம் விடுதலையும் அல்ல. ஒரு கவிதையை, ஒரு சிறுகதையை எப்படி விமர்சிக்கிறோமோ அப்படியே இந்தக் கடதாசிகளையும் பிரதிகளாகக் கொண்டு வாசித்துப் பார்க்க வேண்டும். இதுவரை யாரும் அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

நாம் ரொம்மன் தொடர்மாடிகளில் குடியிருந்து, நகரத்து ரெஸ்ரோரண்ட் குசினிகளில் வேலை செய்பவர்கள். யுத்தம் பாதியில் நிறுத்திய பல்கலைக்கழகப் படிப்பு எமக்குச் சம்பளத்தில் உதவவில்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கடதாசியைக் கொண்டுவந்து, 'அண்ணை, இந்தத் தமிழ் சரியோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ' என்று கேட்பதற்கு உதவுகிறது. இவ்வகையில் பல உறுதிமொழிகள் எம் கண்ணில் பட்டிருக்கின்றன. நோர்வேஜியக் கலியாண விருந்துகளையோ நாம் குசினிக் கதவு வழியாக நிறையவே பார்த்திருக்கிறோம். இக்குறிப்புகளுக்கு வேறு தகைமை எமக்கில்லை.

*

முதலில் எமது சொந்தச் சடங்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணத்தில் பொன்னுருக்கல் தொடங்கி, கன்னிகாதானம், தாலிகட்டு, அம்மி மிதித்தல் ஈறாகப் பல மணி நேரம் மந்திரம் ஒலிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் மணப்பெண் தன் வாயால் சொல்லும் சம்மதம் எங்கே இருக்கிறது? தகப்பன் கொடுக்கிறார், மாப்பிள்ளை வாங்குகிறார், ஐயர் சொல்கிறார். கொடுக்கப்படுபவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்பதும் அவளுக்குப் புரியாத மொழியில். திருமண மந்திரங்களில் பல இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டலத்தின் 85ஆம் சூக்தத்திலிருந்து வருபவை. அதில் ஒன்று, இந்தப் பெண்ணைச் சோமன் முதலில் அடைந்தான், அடுத்துக் கந்தர்வன், மூன்றாவது அக்கினி, நான்காவதுதான் மனிதனாகிய நீ என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறது. இதன் பொருளைத் தமிழில் சொன்னால் எங்கள் மாமாக்களில் எத்தனை பேர் மணவறையில் இருக்க விடுவார்கள்?

சட்டத்தின் கதை வேறு. இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமக்கள் சாட்சிகள் முன் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறார்கள். மரணமோ நீதிமன்றத் தீர்ப்போ அன்றி இந்தப் பந்தம் நீங்காது, அதற்குமுன் வேறு மணம் செய்தால் இருதாரக் குற்றம் என்று பதிவாளர் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாம் 'எழுத்து' என்று அலட்சியமாகச் சொல்லும் அந்தச் சிறு நிகழ்வில்தான் பெண் முதன்முதலாக ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்கப்படுகிறாள். அதுவும் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்கவில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. அவளுக்காக 'வலி' எனப்படும் ஆண் காப்பாளர் ஒப்பமிட்டார். தம் கையொப்பத்துக்காக முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வந்திருக்கிறார்கள்.

தமிழில் வாய்விட்டு உறுதிமொழி சொல்லும் வழக்கம் எம் ஊரில் கிறிஸ்தவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. இன்பத்திலும் துன்பத்திலும், சுகத்திலும் நோயிலும் என்று தொடரும் அந்த வாக்குறுதியை எங்கள் அயலவர்கள் தேவாலயங்களில் தெளிந்த தமிழில் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அங்கேயும் எல்லாம் சமமாக இருந்ததில்லை. 1549ல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெப நூலில் 'கீழ்ப்படிவேன்' என்று சொல்லும் கடமை பெண்ணுக்கு மட்டுமே வைக்கப்பட்டிருந்தது. ஆக, பேச வாய் கிடைப்பது ஒன்று. அந்த வாயில் எந்தச் சொல்லை வைக்கிறார்கள் என்பது இன்னொன்று.

*

இன்னும் பின்னே போனால் அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் வரும் மணங்களில் தீ வளர்ப்பும் இல்லை, வேதியரும் இல்லை. பந்தல், உழுந்து சேர்ந்த சோறு அல்லது இறைச்சிச் சோறு, நீராட்டி வாழ்த்தும் பெண்கள், அவ்வளவே. எம்மவர் சிலர் இதைக் காட்டி 'ஆதித் தமிழர் திருமணம்' என்று பெருமைப்படுவதுண்டு. ஆனால் இந்த விஷயத்தில் எமக்கு அதிகம் பேசுவது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது. தன்னைக் களவில் கூடியவன் தந்த வாக்கை எண்ணிக் கலங்கும் பெண் அதில் பேசுகிறாள். அன்றைக்கு அங்கே வேறு யாரும் இருக்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள்.

இதைக் காதலின் ஏக்கமாகவே பாடசாலையில் எமக்குப் படிப்பித்தார்கள். உண்மையில் இது தனிப்பட்ட உறுதிமொழி குறித்து எழுதப்பட்ட மிகக் கூர்மையான விமர்சனம். சொல் அழகாகத்தான் இருந்திருக்கும். கேட்டது யார்? மீனில் கண் வைத்த ஒரு பறவை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்புதான் மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியம் சொல்வதையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஆண் சொன்ன சொல் தவறியது. ஊரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டி வந்தது. அழைத்த ஊர், காலப்போக்கில், பேசும் உரிமையையும் தானே எடுத்துக்கொண்டது. சடங்கின் வரலாற்றை இப்படிச் சுருக்கலாம்.

*

அந்த உரிமையைத் திருப்பிக் கேட்டது சுயமரியாதை இயக்கம். 1928 மே மாதத்தில் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த மணத்தை முதலாவது சுயமரியாதைத் திருமணம் என்பர். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. பின்னர் இம்மணங்கள் 'வாழ்க்கை ஒப்பந்தம்' என்று பெயர் பெற்றன. மணமக்கள் தம் வாயாலேயே, தமக்குப் புரியும் மொழியில், இன்ப துன்பங்களில் சம உரிமையுள்ள நண்பர்களாக வாழ்வோம் என்று சொன்னார்கள். இலக்கியமாகப் பார்த்தால் வறண்ட வாசகம். உவமையில்லை, நிலவில்லை. அந்த வறட்சிக்குள் எவ்வளவு துணிவு இருந்தது என்பதை 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து அறியலாம். ஓமமும் ஏழடியும் இல்லாமல் நடந்த இத்தகைய மணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது நீதிமன்றம். தாம் சொன்ன சொல்லை நம்பி வாழ்ந்த பெண்கள் மனைவியரல்ல என்றாயிற்று; அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குள்ளாயிற்று. அதன்பிறகும் அவர்கள் அப்படியே மணமுடித்தார்கள். 1967ல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தமாக 7அ பிரிவைக் கொண்டுவந்து, பழைய மணங்களும் செல்லும் என்று ஆக்கும் வரை அந்த நிலை நீடித்தது.

7அ பிரிவு எமது கவனத்துக்குரிய பிரதி. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் எந்த மொழியிலாவது இவரை என் மனைவியாக, இவரை என் கணவராக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். அல்லது தாலி கட்டினாலும் சரி. இந்த 'அல்லது' முக்கியமானது. தாலியைத் தடைசெய்யவில்லை. ஆனால் அது இல்லாமலும் மணம் மணமே என்று ஆக்கியது. வெறும் சொல்லுக்குச் சட்டத்தின் வலு கிடைத்தது.

இயக்கத்தையும் நாம் விமர்சனமின்றி விடக் கூடாது. ஐயரின் இடத்தில் தலைவர் வந்து அமர்ந்தார். மணமக்கள் ஒரு நிமிடம் பேச, தலைவர் இரண்டு மணி நேரம் பேசினார். அச்சடித்த உறுதிமொழியைப் பின்னாலிருந்து ஒருவர் சொல்லிக் கொடுக்க, மணமக்கள் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொன்னார்கள். மந்திரத்துக்கு எதிராக எழுந்த வாசகம் தானும் மந்திரமாகிப் போனது. கழகக் குடும்பங்கள் பலவற்றில் தாலி மெல்லத் திரும்பி வந்தது, சீதனம் போகவேயில்லை.

இன்னொரு விடயம். ஊரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று மேலே சொன்னோம். ஆனால் ஊரே கொலைகாரனாக நிற்கும்போது? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணமுடித்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற தலித் இளைஞன் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தோம். இத்தகைய சூழலில் பகிரங்க அறிவிப்பு என்பது மரண அறிவித்தலாகிவிடும். 2023 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம், 7அ பிரிவின் கீழான மணத்துக்குப் பகிரங்கக் கொண்டாட்டம் அவசியமில்லை, நண்பராகவோ தெரிந்தவராகவோ நிற்கும் சட்டத்தரணிகள் முன்னிலையிலும் மணமுடிக்கலாம் என்று சொன்னதன் நியாயம் இதுவே. சாட்சி வேண்டும், ஆனால் சாட்சியைத் தெரிவுசெய்யும் உரிமை மணமக்களுடையது.

*

இனி நோர்வேஜியர்களிடம் வருவோம். அவர்களுடைய திருச்சபை மணத்திலும் சரி, அரச மணத்திலும் சரி, கேள்வியை நடத்துபவர் கேட்கிறார்; மணமக்கள் 'யா' என்கிறார்கள். ஒரெழுத்துச் சம்மதம். 2018 முதல் அரச மணங்கள் நீதிமன்றங்களிலிருந்து கொம்யூனுக்கு மாறியபோதும் இந்த அமைப்பு மாறவில்லை. உறுதிமொழியைத் தாமே எழுத விரும்புவோர் மனிதநேய ஒழுக்கவியல் சங்கம் போன்ற அமைப்புகளிடம் போகிறார்கள்.

அவர்களுடைய உண்மையான உறுதிமொழி விருந்து மேசையில்தான் பேசப்படுகிறது. முதலில் பெண்ணின் தகப்பன், பிறகு மாப்பிள்ளை, பிறகு மற்றவர்கள் என்று ஒவ்வொருவராய் எழும்பிப் பேசுவர். பேச்சை ஒழுங்குபடுத்தும் 'தோஸ்ற்மாஸ்ரர்' குசினிக்கு ஓடிவந்து, இன்னும் பத்து நிமிடம், இறைச்சியை வெளியே விடாதீர்கள் என்பார். பத்து நிமிடம் அரை மணியாகும். கோப்பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, சோஸ் தோல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு, நாம் அந்தப் பேச்சுக்களைக் கேட்டிருக்கிறோம். நீ தோய்த்த காலுறைகளைச் சோடி சேர்க்க மாட்டாய், அது எனக்குப் பழகிவிட்டது என்பான் மாப்பிள்ளை. நண்பர்கள் தெரிந்த மெட்டுக்குப் புதுச் சொற்கள் கட்டி, அச்சடித்துக் கொடுத்துப் பாடுவார்கள். அதில் அவளுடைய பழைய சைக்கிளும் வரும், அவனுடைய குறட்டையும் வரும். இந்த நுணுக்கத்தை நாம் மதிக்கிறோம். அங்கே பேசப்படுவது இந்த ஒரு பெண்ணைப் பற்றி, இந்த ஒரு ஆணைப் பற்றி; வேறொருவர் கலியாணத்துக்கு அந்தக் கடதாசியை இரவல் கொடுக்க முடியாது. குறையும் அங்கேதான் இருக்கிறது. காலையில் கோப்பி போட்டுத் தருவேன் என்பதுடன் பல பேச்சுக்கள் முடிந்துவிடுகின்றன. மற்றவற்றை அரசும் சட்டமும் பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதி அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. எமக்கு அந்த நிம்மதி இல்லை.

நோர்வேயில் நாம் வாசித்த ஆகச் சிறந்த உறுதிமொழி எந்த விருந்திலும் வாசிக்கப்பட்டதல்ல. இங்கே மணமுடிப்பவர்கள் முதலில் வரித் திணைக்களத்துக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 1991ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி இருவரும் தனித்தனியே ஒப்பமிடும் விடயங்களில் ஒன்று: என் சொந்த விருப்பத்தில் இந்த மணத்தைச் செய்கிறேன்; விவாகரத்துக்கான சம உரிமை மற்றவருக்கும் உண்டு என்பதை ஏற்கிறேன். கலியாணத்துக்கு முன்னரே பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பார்கள் எம்மவர். எமக்கோ அது அப்படித் தோன்றவில்லை. விட்டுப் போகும் உரிமை உள்ளவள் நிற்கும்போதுதான் அவள் நிற்பதற்குப் பொருள் இருக்கிறது. போக வழியில்லாதவள் வீட்டில் இருப்பதை விசுவாசம் என்று பாடுவது கவிதையாகலாம், உறுதிமொழி ஆகாது.

*

இப்போது எமது பிள்ளைகளின் கடதாசிகளுக்கு வருவோம்.

முதற் பிரச்சினை மொழிநடை. நொஸ்கில் எழுதிய பகுதியில் அவர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள். தமிழுக்கு வந்ததும் சினிமாப் பாட்டாகிவிடுகிறார்கள். ஏழேழு ஜென்மம், உயிரின் உயிர், நிலா, மூச்சு. சந்தித்த இடம் லில்லஸ்துரோம் ரயில் மேடை என்று நொஸ்கில் எழுதிய பெடியன், தமிழில் அவளை விண்மீன்களுக்கிடையில் கண்டெடுக்கிறான். இது அவர்களுடைய குற்றமல்ல. கணவனும் மனைவியும் அன்போடு பேசும் சாதாரணத் தமிழை அவர்கள் எங்கே கேட்டார்கள்? எங்கள் வீடுகளில் அது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசப்படவில்லை. 'இஞ்சாருங்கோ' என்பதற்கு மேல் ஒரு விளிச்சொல்லும் எம்மிடம் இருக்கவில்லை.

இரண்டாவது, இதைவிடப் பாரதூரமானது. எமக்குக் காட்டப்பட்ட கடதாசிகளில் பெரும்பாலானவற்றில் அவள் 'நீங்கள்' என்கிறாள், அவன் 'நீ' என்கிறான். நொஸ்கில் இருவருக்கும் ஒரே 'டூ'. சமத்துவமாய் வாழ்வோம் என்ற வசனத்தையே சமத்துவமற்ற இரண்டு பிரதிப்பெயர்களில் சொல்கிறார்கள். கைதட்டும் எவருக்கும் அது உறைப்பதில்லை. யாழ்ப்பாணத் தமிழில் 'நீர்' என்றொரு நடுவான சொல் இருக்கிறது. கணவன் மனைவியை அழைக்கப் பயன்பட்டது. மனைவி அதைத் திருப்பிச் சொன்னால் வாய்க்காரி என்றார்கள். இருவரும் 'நீர்' என்று சொல்லலாம், இருவரும் 'நீங்கள்' எனலாம், இருவரும் 'நீ' எனலாம். எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும். திருத்தித் தரச் சொல்லும் பிள்ளைகளிடம் இதையே நாம் முதலில் சொல்கிறோம். 'அம்மம்மா ஹோலில இருப்பா, அண்ணை' என்று பதில் வருகிறது. ஆக, அவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது.

மூன்றாவது, இந்த வாக்குறுதிகளில் பலவற்றை முறிக்கவே முடியாது. அடுத்த பிறப்பிலும் நீயே வேண்டும் என்பதை யார் எப்படிச் சரிபார்ப்பது? கண்ணின் மணியாகக் காப்பேன் என்பதை எந்த நாளில் தவறினான் என்று காட்டுவது? முறிக்க முடியாத சொல்லுக்குச் சாட்சியும் தேவையில்லை. இருநூற்றைம்பது பேரை அழைத்துச் சோறு போட்டும் கேட்டது குருகுதான்.

இதற்கு மாறான ஒரு கடதாசியும் எம்மிடம் வந்தது. எழுதியவள் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்யும் பெண். அதில் ஒரு வசனம்: 'உங்கட அம்மாவுக்கு அனுப்பிற காசும் என்ர அம்மாவுக்கு அனுப்பிற காசும் ஒரே நாளில போகும்.' நாம் அதில் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. மாதா மாதம் சரிபார்க்கக் கூடிய வாக்குறுதி அது. மகனைப் பெற்றவளுக்கு உரிமை, மகளைப் பெற்றவளுக்குச் சீதனக் கடன் என்ற எமது பொருளாதாரம் முழுவதையும் அந்த ஒரு வரி கேள்விக்கு இழுக்கிறது. ஹோலில் அது வாசிக்கப்பட்டபோது ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்ததாகச் சொன்னார்கள். எமக்கு அது வியப்பாக இருக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தீவிரமாக எடுக்கிறோம் என்று கேட்கலாம். எம்மில் பலரின் கலியாணம் மைக் முன்னால் நடந்ததல்ல. ஊரிலோ சென்னையிலோ தாலி கட்டி, வீடியோவும் படங்களும் கூட்டி, குடும்ப இணைவுக்கு யு.டி.ஐ.யிடம் விண்ணப்பித்தோம். எங்கே சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தது, எத்தனை பேர் வந்தார்கள், கிழமைக்கு எத்தனை தரம் கதைப்பீர்கள் என்ற கேள்விகளுக்கு எழுதிய பதில்களே எமது தலைமுறையின் உறுதிமொழி. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அதிகாரிக்குச் சொன்னோம். அப்படி வந்துசேர்ந்த மனைவியின் வதிவிட அனுமதி முதல் சில வருடங்களுக்குக் கணவனோடு கட்டப்பட்டிருக்கிறது. வன்முறைக்கு உள்ளாகிறவளுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. ஆனால் மொழி தெரியாத, ரயில் மாறத் தெரியாத, பாஸ்போட்டைக் கணவனின் லாச்சியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த விதிவிலக்கை யார் வாசித்துக் காட்டுவது? அவளைக் கட்டியவன் மணவறையில் என்ன சொன்னான் என்பதைக் கேட்க எமக்கு உரிமை உண்டு.

எனவே, எழுதுங்கள் என்றே இளையவர்களுக்குச் சொல்வோம். ஐயரை வைத்தோ வைக்காமலோ, தாலியோடோ தாலியில்லாமலோ, அது உங்கள் தெரிவு. ஆனால் எழுதுவதில் ஒரு வரியாவது நாளைக்கு முறிக்கக் கூடியதாக இருக்கட்டும். அவள் நொஸ்க் படித்து முடிக்கும் வரை பிள்ளையை யார் பார்ப்பது, சீட்டுக் காசு யார் பெயரில், அவளுடைய பாஸ்போட் யார் கையில், இரவு வேலை முடிந்து வருபவருக்கு யார் சோறு வைப்பது. இவை கவிதையாக இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. கடதாசியை வாசித்து முடித்ததும் மடித்து வீடியோக்காரரிடம் கொடுத்துவிடாமல், ஒரு பிரதியை மற்றவர் கையில் கொடுங்கள். இன்னொன்றைச் சாட்சி நின்றவர் வைத்திருக்கட்டும்.

ரொம்மன், ஒஸ்லோ